மேலே இருக்க வேண்டிய கம்பி

கையெழுத்துப் போட எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால் மூன்று நொடி என்று எவரும் சொல்வார்கள். பெயரை எழுதி, அடியில் ஒரு கோடு இழுத்து, தேதி போட்டால் தீர்ந்தது. ஆனால் பத்து இருபதுக்கு மேசைமேல் வைக்கப்பட்ட மஞ்சள் அட்டை பத்து முப்பத்திரண்டு ஆகியும் வைத்த இடத்திலேயே கிடந்தது. ஜெசிந்தாவின் வலது கை, பேனாவின் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாகத் தனக்கென்று ஒரு வேலையைத் தேடிக்கொண்டிருந்தது. அட்டையில் நான்கு கட்டங்கள். பலகையும் அதை அடியிலிருந்து தாங்கும் முட்டும் சரி என்று மாரப்ப மேஸ்திரி போட்டுவிட்டார். கம்பி சரி என்று சைட் இன்ஜினியர் தினகரன் போட்டுவிட்டான். மின்குழாய் சரி என்று எலக்ட்ரீஷியன் போட்டுவிட்டார். நான்காவது கட்டத்தில் ‘திட்ட மேலாளர்’ என்று அச்சிட்டு, அதன் கீழே, பிற்பாடு யாருக்கோ தோன்றிச் சேர்த்ததுபோலச் சிறிய எழுத்தில் ‘அல்லது அவர் சார்பில்’ என்று போட்டிருந்தது. அந்தச் சிறிய எழுத்துத்தான் அவள். சரவணம்பட்டிக்கு அப்பால் எழும்பிக்கொண்டிருக்கும் இந்த அடுக்குமாடியில் திட்ட ஒருங்கிணைப்பாளர் என்ற பெயரோடு அவள் வந்து சேர்ந்து மூன்று மாதம் ஆகப்போகிறது. இந்த மூன்று மாதத்தில் அவளிடம் எவரும் எதற்கும் கையெழுத்துக் கேட்டதில்லை. இன்று மேலாளர் நாச்சிமுத்து தம் தங்கை பேத்தியின் காதுகுத்துக்காகப் பழனிக்குப் போயிருந்தார். அவள் கையெழுத்திட்டால் நான்காம் தளத்தில் கான்கிரீட் விழும். இடாவிட்டால் விழாது. ஆலையில் தண்ணீர் கலந்த நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் கலவையைக் கொட்டிவிட வேண்டும், இல்லையேல் அது லாரியின் உருளைக்குள்ளேயே இறுகிவிடும். லாரிக்காரர் நீட்டிய சீட்டில் 9.40 என்று இருந்தது. சன்னலுக்கு வெளியே அந்த உருளை நிதானமாக, எவருக்கும் எந்த அவசரமும் இல்லை என்பதுபோலச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் உள்ளே ஜல்லி புரளும் ஓசை அறைவரை கேட்டது.

அந்தக் கம்பியைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்க்கவேண்டிய கட்டாயம் அவளுக்கு இல்லவே இல்லை. வீடு வாங்கியவர்களுக்கு வாரந்தோறும் அனுப்பும் படங்களை எடுப்பதற்காகத்தான் ஒன்பது மணிவாக்கில் மேலே போனாள். தகடுகள் விரித்து அவற்றின்மேல் கம்பி பின்னிய அந்தப் பரப்பு வெயிலில் பாய்போலக் கிடந்தது. நான்கு படம் எடுத்துக்கொண்டு இறங்கியிருந்தால் கதை முடிந்தது. ஆனால் 401-ஐ வாங்கிய அம்மாள், துணி துவைக்கும் எந்திரத்தை பால்கனியில் வைத்துக்கொள்ளலாமா என்று இரண்டு முறை கேட்டிருந்தார், பால்கனியைத் தனியாக ஒரு படம் எடுத்து அனுப்பினால் மகிழ்வார் என்று அந்த மேற்கு மூலைக்குப் போனாள், குனிந்தாள், பழைய வழக்கம் அவளைப் பிடித்துக்கொண்டது. ஒன்பது ஆண்டுகள் பாடநூல் பதிப்பகம் ஒன்றில் பிழை திருத்தியவள். இடது கைவிரல் மூலப்படியில், வலது கைவிரல் அச்சுப்படியில், இரண்டும் ஒரே வேகத்தில் நகரும். மூலத்தில் இருப்பது படியில் இல்லையென்றால் அவளுக்கு முதலில் காது மடல் சூடாகும், அதற்குப் பிறகுதான் என்ன பிழை என்பது தெரியும். காது மடல் சூடானது. வரைபடத்தில் அந்த பால்கனியின் குறுக்குவெட்டு அவளுக்கு மனப்பாடம், ஏனென்றால் புரியாத வரைபடங்களை மனப்பாடம் செய்வதைத் தவிர அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை. அதில் தடித்த கோடு மேலே இருந்தது, தளத்தின் மேற்பரப்பை ஒட்டி. இங்கே கம்பி கீழே கிடந்தது. மற்ற அறைகளின் தரையில் எப்படிக் கிடக்கிறதோ அப்படியே, சின்னச் சின்ன சிமென்ட் வில்லைகளின்மேல், தகட்டுக்கும் அதற்கும் நடுவில் விரல்நகம் நுழையும் இடைவெளியோடு. கம்பியைத் தூக்கி நிறுத்த வேண்டிய வளைவுகள், நாற்காலியைப்போல இருப்பதால் ‘சேர்’ என்று இவர்கள் சொல்பவை, அந்த மூலையில் ஒன்றுகூட இல்லை. அவளுக்குப் பொறியியல் தெரியாது. ஆனால் நீட்டிய கையில் குடத்தை மாட்டினால் இழுபடுவது தோளின் மேற்பக்கம்தான் என்பது தெரியும். சுவரிலிருந்து அந்தரத்தில் நீளும் பால்கனியும் அப்படித்தான், இழுபடும் பக்கத்தில் கம்பி வேண்டும், அடியில் கிடக்கும் கம்பி வெறுமனே கிடக்கும். படம் எடுத்தாள். நேரம் 9.17. அப்போது லாரி ஆலையிலிருந்து கிளம்பவில்லை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கிளம்பியே இருக்காது. அவள் இறங்கி வந்து டீ குடித்தாள்.

டீ குடித்தாள். இதை எவரிடம் எப்படிச் சொல்வது? அனுபவம் இல்லாமலே திட்ட மேலாண்மைக்குள் நுழைவது எப்படி என்று ஆறு மாதம் இணையத்தில் கற்றுக்கொடுத்த அந்த வெண்பல் சீமாட்டி, டீ குடிப்பதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. “நீங்கள் எப்போதாவது ஒரு பிறந்தநாள் விழா நடத்தியிருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்கள் ஏற்கெனவே ஒரு திட்ட மேலாளர்தான்!” என்று முதல் பாடத்திலேயே சொன்னாள், அதைக் கேட்டு ஜெசிந்தாவும் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே தலையாட்டினாள், வெட்கக்கேடு. பிறந்தநாள் கேக் சரிந்தால் மேசைவிரிப்பு வீணாகும்; அதன் அடியில் எவரும் நிற்பதில்லை. பதிப்பகம் மூடப்பட்டு எட்டு மாதம் வீட்டில் இருந்தவளுக்கு அந்தப் புன்னகை தேவைப்பட்டது என்பதுதான் உண்மை. தங்கக் கரை போட்ட சான்றிதழ் வந்தது. பிழை திருத்துநர் என்ற ஒற்றைச் சொல்லை, ‘தரக் கட்டுப்பாடு மற்றும் பலதரப்பு ஒருங்கிணைப்பு’ என்று ஊதிப் பெருக்கி விண்ணப்பத்தில் எழுதக் கற்றுக்கொண்டாள். நேர்முகத்தில் நாச்சிமுத்து அதைப் படித்துவிட்டு, “பலதரப்புன்னா யாருங்க?” என்று கேட்டார். நூலாசிரியர், ஓவியர், அச்சகத்தார் என்றாள். “மூணு தரப்பும் சண்டை போடுவாங்களா?” “தினமும் சார்.” “அப்ப வாங்க, இங்கயும் அதேதான்” என்று சிரித்தார். அவ்வளவுதான் தேர்வு. நல்ல மனிதர், அதில் ஐயமில்லை. அவள் வேலை, யார் எதை எப்போது முடிப்பதாகச் சொன்னார்கள் என்று எழுதிவைப்பது, முடிக்காதபோது தொலைபேசியில் கெஞ்சுவது, கணினியில் நீளநீளமாய்க் கட்டங்களுக்கு வண்ணம் பூசுவது. அபாயப் பதிவேடு என்று ஒன்றையும் அவளே தயாரித்தாள், வேறு எவரோ செய்ததைப் பார்த்து. அதில் பதினான்காவது வரிசையில் ‘கம்பி வேலைக் குறைபாடு’ என்று தட்டச்சு செய்து, நேர்வதற்கான வாய்ப்பு: குறைவு என்று போட்டு, அந்தக் கட்டத்துக்குப் பச்சை அடித்திருந்தாள். பச்சை நன்றாக இருந்தது. கம்பியை அதற்கு முன் அவள் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை.

மேலுதடு பல்லோடு ஒட்டிக்கொண்டது. தண்ணீர் குடிக்கலாம், ஆனால் குடித்தால் சிறுநீர் முட்டும், ஏற்கெனவே முட்டிக்கொண்டுதான் இருந்தது. இந்த இடத்தில் பெண்களுக்கென்று இருப்பது ஒரே ஒரு கழிப்பறை, அதன் சாவி காவல்காரரிடம், அவரிடம் போய்க் கேட்கும்போது கான்கிரீட் பம்பு ஓட்டுபவர் முதல் லாரிக்காரர் வரை எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், மேடம் பயந்துட்டாங்க என்பது முகத்திலேயே எழுதி ஒட்டியதுபோல ஆகிவிடும். ஏற்கெனவே இங்கே அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. முதல் வாரம், முடிந்துபோன தளத்தின்மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருந்ததைப் பார்த்து, ஒழுகுகிறதா என்று சோதிக்கிறார்களா என்று கேட்டாள். சிமென்ட் இறுகுவதற்குத் தண்ணீர் வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. அன்று முதல், தண்ணீர்க் குழாயைத் திறக்கும் சித்தாள் பெண்கள், “ஏம்மா, மேடத்துக்கிட்ட கேட்டுட்டு ஊத்து, நாத்து நட்டுருக்காங்க” என்று ஒருத்திக்கொருத்தி சொல்லிச் சிரிப்பார்கள். அது வலிக்கவில்லை, அதில் பகை இல்லை. வலித்தது மணல் விவகாரம். ஐந்தாவது வாரம் வந்திறங்கிய லாரியில் சாம்பல் நிறத்தில் பொடி இருந்தது, மணல் என்றால் ஆற்று மணல் என்று நம்பியிருந்தவள், கலப்படம் என்று முடிவு கட்டி, இறக்குவதை நிறுத்தி, லாரியை வாசலிலேயே மடக்கிவிட்டாள். அரை நாள். அது கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட், நாடு முழுக்க அதில்தான் வீடு கட்டுகிறார்கள் என்று நாச்சிமுத்து வந்து சொன்னபோது முப்பது பேர் நின்றிருந்தார்கள். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள், வாயில் அவளை வெல்ல இந்த வட்டாரத்தில் ஆளில்லை. மெதுவாகச் சொன்னார்: “தெரிஞ்சதை நிறுத்துங்க மேடம். தெரியாததை நிறுத்தாதீங்க.” அந்த வாக்கியம் அவளுக்குள் போய் ஆணியாய் உட்கார்ந்துகொண்டது. அன்று மாலை கணவன் பிரான்சிஸிடம் சொன்னபோது அவன் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், “வேலையை நிரந்தரம் பண்ற வரைக்கும் வாயைத் தொறக்காத தாயே, அப்புறம் உன் வாய் உன் இஷ்டம்” என்றான். இந்த வெள்ளிக்கிழமையோடு மூன்று மாதம் முடிகிறது. நிரந்தரக் கடிதத்தில் கையெழுத்திட வேண்டியவர் பழனியில் இருக்கிறார்.

தெரியாததை நிறுத்தாதே. ஆனால் இது தெரிந்ததா தெரியாததா? இதுதான் கேள்வி, இந்தக் கேள்வியைச் சுற்றியே பன்னிரண்டு நிமிடமாகச் செக்குமாடு. வரைபடத்தில் மேலே, இங்கே கீழே: இது தெரிந்தது. ஆனால் வரைபடம் பழையதாக இருக்கலாம், திருத்திய வரைபடம் தினகரனிடம் இருக்கலாம், அவளுக்கு அனுப்பியிருக்கவே மாட்டார்கள். ஆனால் திருத்தம் வந்தால் பதிவேட்டில் ஏற்றுபவளே அவள்தானே, அவளைத் தாண்டி எப்படி வரும். ஆனால் மாரப்ப மேஸ்திரி முப்பது ஆண்டுகளாகத் தளம் போடுகிறார். ஆனால் அந்த மூலையில் கம்பி கட்டியவர்கள் சென்ற வாரம் புதிதாக வந்த ஆட்கள், உள்அறைத் தரையைப் போலவே பால்கனியையும் நினைத்துக்கொண்டு பரப்பிவிட்டுப் போயிருப்பார்கள். ஆனால் தினகரன் கையெழுத்துப் போட்டிருக்கிறானே. ஆனால் தினகரன் காலை முழுக்க எலக்ட்ரீஷியனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான், அந்த மூலைக்கு அவன் போனதை அவள் பார்க்கவில்லை. போகவில்லை என்பதையும் பார்க்கவில்லை. பதிப்பகத்தில் ஒருமுறை ஏழாம் வகுப்பு அறிவியலில் இதயத்தின் படம் இடம்வலமாகத் திரும்பி அச்சுக்குப் போனது. அவள் பிழையைச் சுட்டினாள், நூலாசிரியர் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டார் என்றார்கள், சரி என்று அவளும் விட்டுவிட்டாள். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அந்த இதயத்தைப் பார்த்து வரைந்தார்கள். பிறகு பிழைதிருத்தம் என்று ஒரு துண்டுத்தாளை ஒட்டினார்கள். எவரும் சாகவில்லை, அச்சுப்பிழையால் எவரும் சாவதில்லை. அந்தத் தொழிலின் ஒரே சுகம் அது. பால்கனியில் துண்டுத்தாள் ஒட்ட முடியாது. அது உடனே விழுந்துவிட்டாலும் பரவாயில்லை, காலியாக இருக்கும்போதே விழும். ஆனால் இரண்டு மழை, மூன்று மழை பொறுத்துக்கொண்டு நிற்கும், 401 அம்மாள் எந்திரத்தைக் கொண்டுவந்து வைப்பார், அதன்மேல் ஒரு வாளி, பக்கத்தில் துணிக்கொடி, தொலைபேசியை இடுக்கிக்கொண்டு ஈரப் புடவையை உதறும்போது. அதற்குமேல் அவள் மனம் போக மறுத்தது, போகாமல் திரும்பி, மறுபடி அதே புடவையின் நுனியைப் பிடித்துக்கொண்டது.

மேலாளரின் எண்ணுக்கு நான்காவது முறையாக அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மலைமேல் கோயிலுக்குள் செல்பேசியை விட மாட்டார்கள், அடிவாரத்தில் ஏதோ ஒரு பெட்டிக்குள் அவளுடைய பெயர் ஒளிர்ந்து ஒளிர்ந்து அணைந்துகொண்டிருக்கும். வரைபடம் போட்ட ஆலோசகரின் அலுவலகத்தில் ஒரு பெண் எடுத்தாள். “சார் காலேஜ்ல கிளாஸ் எடுத்துட்டு இருக்காருங்க, பன்னெண்டரைக்கு மேலதான். மெயில் போட்டுருங்க மேடம்.” பன்னிரண்டரைக்கு என்ன இருக்கும்? கல் இருக்கும். கதவைத் தட்டாமல் தினகரன் உள்ளே வந்தான், தலைக்கவசத்தைக் கழற்றி வியர்வையைத் துடைத்தான், அட்டையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். “என்னங்க மேடம், இன்னும் படிச்சுட்டே இருக்கீங்க? பரீட்சை பேப்பரா அது?” அவள் சிரிக்க முயன்றாள், ஒட்டியிருந்த உதடு விடவில்லை. சொல், இப்போது சொல். “தினகரன், அந்த மேக்கால பால்கனிக் கம்பி கீழ கெடக்கிற மாதிரி இருந்துச்சு. வரைபடத்துல மேல இல்ல இருக்கு?” குரல் யாரிடமோ இரவல் வாங்கியதுபோல இருந்தது, மன்னிப்புக் கேட்கிற குரல், அதை அவளே வெறுத்தாள். அவன் கண் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, எங்கோ போய் வந்தது. “சேர் வெக்கலைங்களா? செரி, அதொண்ணும் இல்லைங்க. ஊத்தும்போது கொக்கி போட்டுத் தூக்கி விட்டுக்குவாங்க. எல்லா சைட்லயும் அப்படித்தானுங்க.” அப்படித்தானா? அப்படியும் இருக்கலாம். இருக்கலாம் என்பதுதான் தொல்லை. “வரைபடத்தை ஒருதடவ பாத்துட்டு…” “மேடம்.” அவன் குரலில் பொறுமை இருந்தது, பைத்தியத்திடம் காட்டும் பொறுமை. “வண்டி வந்து அரை மணி ஆச்சுங்க. அடுத்த வண்டி லோடாயிட்டு இருக்கு. இன்னொரு எம்-சாண்ட் பண்ணிறாதீங்க, சார் வந்து என்னத்தான் கேப்பாரு.” அவள் பேனாவை மூடினாள். அது கிளுக்கென்று அந்தச் சின்ன அறையில் பெரிதாகக் கேட்டது. “நான் போட மாட்டேன்” என்றாள். சொல்லியாயிற்று, இதோ முடிந்தது, வெள்ளிக்கிழமை முடிந்தது, கடிதம் முடிந்தது. தினகரன் கோபப்படவில்லை. அலமாரியின் இரண்டாவது தட்டை இழுத்து, ஒரு கோப்பை எடுத்து, அதிலிருந்து ஒரு மஞ்சள் அட்டையை உருவினான். மற்ற மூன்று கட்டங்களும் வெறுமையாக இருந்தன. நான்காவதில் நாச்சிமுத்துவின் கையெழுத்து, சாய்ந்து, தெளிவாக, தேதியில்லாமல். அடியில் அதேபோல் இன்னும் நாலைந்து. “சார் ஊருக்குப் போறப்பெல்லாம் போட்டு வெச்சுட்டுப் போயிருவாருங்க. உங்களைக் கேட்டது மரியாதைக்கு” என்றான். அதில் குத்தல்கூட இல்லை. மற்ற மூன்று கட்டங்களையும் நிரப்ப வேண்டும் என்று அந்த அட்டையோடு வெளியே போனான்.

அப்போது ஜெசிந்தாவுக்குள் ஒன்று நிகழ்ந்தது. எவரும் பார்க்கவில்லை என்பதற்காக அதை மறைப்பதற்கில்லை. அவள் மகிழ்ந்தாள். மூன்று மாதமாகத் தோளில் உட்கார்ந்திருந்த எருமை எழுந்து போய்விட்டது. உதடு விட்டது, நாக்கு ஊறியது, தண்ணீர் பாட்டிலை எடுத்து மடக்மடக்கென்று குடித்தாள். அவள் கையெழுத்து இல்லை. மேலாளரின் கையெழுத்து இருக்கிறது, பொறியாளரின் கையெழுத்து இருக்கிறது, அவள் வாயால் சொல்லியும் ஆயிற்று, சொல்லவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை கடிதம் வரும். பிரான்சிஸ் சொன்னபடியே வாயை மூடியது போலவும் ஆயிற்று, திறந்தது போலவும் ஆயிற்று, இப்படி ஒரு வரம் எவருக்குக் கிடைக்கும். வெளியே பம்பு ஒரு முறை இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. அந்த ஓசையில்கூடப் பயம் வரவில்லை. அப்போதுதான் மேசைமேல் இருந்த செல்பேசி நினைவுக்கு வந்தது. அதில் காலையில் எடுத்த படம் இருக்கிறது. 9.17. கம்பியும் தகடும் நடுவில் அவளுடைய விரல்நகமும். அது இருந்தால் அவளுக்குத் தெரியும் என்று ஆகும். இல்லாவிட்டால் அவள் ஒரு சந்தேகம் கேட்ட புது ஆள், அவ்வளவுதான். யோசனை என்று சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. கட்டைவிரல் தானே போய்ப் படத்தை அழுத்திப் பிடித்தது, குப்பைத்தொட்டி அடையாளத்தைத் தொட்டது. அழிக்கவா என்று செல்பேசி கேட்டது. இரண்டு பொத்தான்கள், ஆம், வேண்டாம். இத்தனை ஒழுங்காக, இத்தனை மரியாதையாக இன்று அவளிடம் வேறெவரும் எதையும் கேட்கவில்லை. கட்டைவிரல் ‘ஆம்’ என்பதற்கு மேலே நின்றது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு முதுகுத்தண்டு வழியே பச்சைத்தண்ணீர் இறங்கியது, கம்பியைப் பற்றிய பயம் அல்ல, மேலாளரைப் பற்றிய பயம் அல்ல, இந்த விரல் யாருடையது என்கிற பயம். இது எவ்வளவு வேகமாகக் கற்றுக்கொண்டுவிட்டது. மூன்று மாதத்தில். ஆறு மாதப் படிப்பில் கற்றதைவிட நன்றாக. அவள் எதையும் தொடாமல் செல்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தாள், தலைக்கவசத்தை எடுத்தாள், அது அவளுக்குப் பெரிது, நெற்றியில் வந்து இடித்தது, ஆண்கள் அளவில் வாங்கிய காலணிகள் தடக்தடக்கென்று கைப்பிடியில்லாத படிகளில் அவளுக்கு முன்னால் ஏறின.

மேலே பம்பின் குழாய் கிழக்கு மூலையில் கக்கத் தொடங்கியிருந்தது. சாம்பல்நிறக் கூழ், ரப்பர்ப் பூட்ஸ் கால்கள், கூச்சல். “மேடம், அந்தப் பக்கம் போகாதீங்க, கம்பி மிதிபட்டுரும்!” என்று மாரப்ப மேஸ்திரி கத்தினார். அவள் உத்தரக் கம்பிகளைத் தாண்டிக் காலை வைத்து, அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்த மேற்குப் பலகையின் நடுவில் போய் நின்றாள். கீழே பார்க்கவில்லை என்று சொன்னால் பொய், பார்த்தாள். இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு கோடு திறந்திருந்தது, அதன் வழியே நாற்பதடிக்குக் கீழே ஒரு சித்தாளின் சிவப்புத் தலைத்துண்டு தெரிந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். “என்னம்மா, வூட்ல சண்டையா? எறங்கி வாங்க, பேசித் தீத்துக்கலாம்” என்றார் மேஸ்திரி, கூட்டத்தில் சிரிப்பு. “கம்பியைத் தூக்கிக் கட்டுங்க மேஸ்திரி. கட்டற வரைக்கும் நான் இங்கதான் நிப்பேன்.” “எந்தக் கம்பிங்க?” “என் காலுக்கு அடியில இருக்கறது. அது என் கணுக்கால் ஒசரத்துல இருக்கணும்.” “ஊத்தும்போது தூக்கிக்குவோமுங்க.” “எத்தனை கம்பி இருக்கு? எத்தனை பேர் தூக்குவீங்க?” அவள் வாதிடவில்லை, உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டாள். “தூக்கிப் புடிச்சுட்டுக் கையை விட்டா, அது மேலயே நின்னுக்குமா மேஸ்திரி? மறுபடி கீழ போயிராதா?” மாரப்ப மேஸ்திரி கம்பி கட்டியவனைப் பார்த்தார். அவன் பம்புக் குழாயைப் பார்த்தான். படியேறி ஓடிவந்த தினகரன் முதலில் அவளைத் திட்டுவதற்கு வந்தவன்தான். ஆனால் அவன் கையில் வரைபடம் இருந்தது, காற்றில் படபடத்த அந்தத் தாளை நெஞ்சோடு அழுத்திப் பிடித்து, விரலால் தேடி, கண்டுபிடித்து, கம்பியைப் பார்த்து, மறுபடி தாளைப் பார்த்தான். அவன் முகத்திலிருந்து நிறம் இறங்குவதை அவள் பார்த்தாள். அவனுக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும் என்பது அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. பம்புக்காரருக்குக் கையை உயர்த்தினான். ஓசை நின்றது. ஊற்றியதை வாரி எடுக்கச் சொன்னான், மிச்சத்தைக் கீழே வண்டிப் பாதையில் கொட்டச் சொன்னான், ஆலைக்குப் போன் போட்டான். “ரெண்டாவது வண்டி வேண்டாமுங்க. கம்பியில ஒரு வேலை இருக்கு. யாரு சொன்னாங்களா?” அவன் ஜெசிந்தாவை ஒருமுறை பார்த்தான். “நாந்தானுங்க சொல்றேன்.” அவளைக் காப்பாற்றினானா, அவளிடமிருந்து பறித்துக்கொண்டானா, அவளுக்கு விளங்கவில்லை, நாச்சிமுத்து மலையிலிருந்து இறங்கி வந்து எதைக் கேட்பார், எதைக் கேட்காமல் விடுவார், அதுவும் விளங்கவில்லை. இறங்கலாம் இப்போது. ஆனால் கால் வரவில்லை. பயம் போய்விடும் என்று எங்கோ ஓர் எதிர்பார்ப்பு இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் அது போகாதது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அது காலில் இறங்கி, அந்தக் கம்பிகளோடு அவளைச் சேர்த்துக் கட்டிவிட்டதுபோல இருந்தது. மாரப்ப மேஸ்திரி உத்தரத்தின் ஓரம் வரை வந்து, சிமென்ட் அப்பிய கையை வேட்டியில் துடைத்து, அவளை நோக்கி நீட்டினார். முகம் கடுகடுவென்றுதான் இருந்தது. “புடிச்சுக்கிட்டு வாங்க. கம்பி அவனுக கட்டுனது. அடியில முட்டு நான் குடுத்ததுங்க, அது ஆடாது.” அவள் ஒரு காலைத் தூக்கினாள்.